வீட்டிலேயே மெஷினில் முடி வெட்டுவது: அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் வீட்டில் மூன்று தலைகளுக்கு நான்தான் முடி வெட்டுகிறேன்: அப்பா, தம்பி, என் பையன். தொழில் கற்றவன் இல்லை. தப்பு செய்து செய்து கற்றுக்கொண்டவன், அந்தத் தப்புகளுக்குப் பெரும்பாலும் தம்பியின் தலைதான் மாட்டியது. புதிதாக மெஷின் வாங்குகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எனக்கு முடி வெட்டவே தெரியாது. நிஜமாகவே முடியுமா?

முடியும். கத்தரிக்கோலால் வெட்டும்போது எவ்வளவு நீளம் விட வேண்டும் என்பதை உங்கள் கண்ணும் விரலும்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்குப் பழக்கம் தேவை. மெஷினில் அந்த வேலையை முன்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் சீப்பு, அதாவது கார்டு, பார்த்துக்கொள்கிறது. நம்பர் 4 கார்டை மாட்டிவிட்டால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் 13 மி.மீ. முடி தலையில் இருக்கும். அதனால் தலை முழுக்க ஒரே நீளம் போதும் என்றால் முதல் நாளே உருப்படியாகச் செய்துவிடலாம்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், பக்கத்தில் சின்னதாகவும் மேலே பெரியதாகவும் வேண்டும் என்று முடி வெட்டிக்கொள்பவர் கேட்கும்போது. இரண்டு நீளங்கள் சந்திக்கிற அந்த இடத்தில் கார்டு உதவாது. அங்கே உங்கள் கைக்கு இருக்கிற ஒரே வேலை, சரியான நேரத்தில் மெஷினைத் தலையிலிருந்து விலக்குவதுதான். வெட்டுவது மெஷின், விலகுவது நீங்கள். கீழே வருகிற பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

கார்டில் நம்பர் 1, 2 என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

அங்குலத்தை எட்டாகப் பிரித்த கணக்கு. நம்பர் 1 என்றால் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ. நம்பர் 2 என்றால் 6 மி.மீ., 3 என்றால் 10, 4 என்றால் 13, 6 என்றால் 19, நம்பர் 8 சரியாக ஒரு அங்குலம், 25 மி.மீ. கார்டே மாட்டாமல் ஓட்டினால் மொட்டைக்குப் பக்கத்தில் போய்விடும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. சில கம்பெனிகள் இந்த நம்பரைப் போடாமல் நேரடியாக மி.மீ. அளவையே கார்டில் போடுகின்றன. நீங்கள் நம்பர் 3 என்று நினைத்து மாட்டுவது உண்மையில் 3 மி.மீ. ஆக இருக்கலாம், அதாவது நம்பர் 1. இப்படி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். புது மெஷினின் முதல் வேலையாக ஒரு ஸ்கேல் எடுத்துக் கார்டுகளை அளந்து பார்த்துவிடுங்கள்.

தாடி டிரிம்மர் இருக்கிறது. அதிலேயே தலைமுடியை வெட்டினால் என்ன?

அவசரத்துக்குச் செய்யலாம், பழக்கமாக வேண்டாம். டிரிம்மரின் பிளேடு குறுகலானது, மோட்டாரும் சின்னது. தலைமுடியின் அடர்த்தியில் திணறும், நடுவில் முடியைக் கவ்விக்கொண்டு இழுக்கும், உட்கார்ந்திருப்பவர் துள்ளுவார். கிளிப்பரால், அதாவது தலைமுடி வெட்டுகிற மெஷினால், மொத்தத் தலையையும், டிரிம்மரால் காது ஓரம், கிருதா, பிடரி ஆகியவற்றையும் செய்வதுதான் முறை. கிளிப்பர் மட்டும் இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

வயர் மாட்டி ஓடுகிற பழைய மாதிரி கிளிப்பர் கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஸ்டெர்லிங்கைச் சேர்ந்த லியோ வால் என்பவர் மின்காந்தத்தால் ஓடும் கிளிப்பருக்கு 1919இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்றும் பல வயர் கிளிப்பர்கள் மின்காந்தத்தில்தான் ஓடுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பிளேடு நிமிடத்துக்கு 6,000 தடவை அசையும். கனமாக இருக்கும், சத்தம் போடும், ஆனால் சார்ஜ் தீர்ந்து பாதித் தலையில் நிற்காது. அந்த மாதிரி மெஷின் திடீரென்று கடகடவென்று அலறினால் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை மெதுவாகத் திருப்பினால் சத்தம் அடங்கும்.

தலையை நனைத்துவிட்டு வெட்டணுமா, காயவைத்தா?

காயவைத்து. ஈரமுடி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும், கார்டுக்குள் ஏறாது, காய்ந்த பிறகு அங்கங்கே நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வைத்த தலையும் அப்படித்தான். முந்தின நாளோ அன்று காலையோ தலை குளித்து, நன்றாகக் காய்ந்ததும் சீவிச் சிக்கெடுத்துவிட்டு உட்கார வையுங்கள். முடி ரொம்ப நீளமாக இருந்தால் முதலில் கத்தரிக்கோலால் தோராயமாகக் குறைத்துவிடுங்கள், நீளமுடிக்குள் நேராக மெஷினை விட்டால் சிக்கிக்கொள்ளும்.

எங்கே உட்கார வைப்பது?

வெளிச்சம் இருக்கிற இடத்தில். இதற்கு மேல் பெரிய விதி இல்லை. உங்களால் சுற்றி நடக்க முடிய வேண்டும், அவர் தலை உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் குனிந்து குனிந்து உங்கள் இடுப்பு போய்விடும், இடுப்பு வலிக்கும்போது கை அவசரப்படும். பருத்தித் துண்டைவிட வழுவழுப்பான துணி நல்லது, முடி ஒட்டாமல் வழுக்கி விழும். கழுத்தைச் சுற்றி முதலில் ஒரு மெல்லிய துணியையோ டிஷ்யூ பேப்பரையோ சுற்றி, அதற்கு மேல் போர்வையைக் கட்டுங்கள்.

இன்னொன்று, வெட்டி விழுந்த முடி மேல் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெட்டுப்பட்ட சின்ன முடிக்கு முனை கூர்மை, முள் மாதிரித் தோலுக்குள் ஏறும். முடி திருத்துபவர்களுக்கு விரல் இடுக்குகளில் இப்படி முடி ஏறிப் புரையோடுவது மருத்துவத்தில் தெரிந்த ஒரு தொழில்நோய். நீங்கள் மாதம் ஒருமுறை வெட்டுவதால் அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் காலில் முடி குத்தி இரண்டு நாள் தேடித்தேடி எடுத்தவன் சொல்கிறேன், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல்முறை எந்த நம்பரில் ஆரம்பிக்கலாம்?

அவர் எதைக் கேட்கிறாரோ அதைவிட இரண்டு நம்பர் பெரியதில். நம்பர் 2 கேட்டால் 4 மாட்டுங்கள். தலை முழுக்க ஒரு சுற்று ஓட்டி, துணியை உதறி, கண்ணாடியைக் காட்டுங்கள். பத்துக்கு ஆறு தடவை "இதுவே போதும்" என்பார்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் தலையில் 6 மி.மீ. எப்படி இருக்கும் என்று தெரியாது, யாருக்கோ நன்றாக இருந்ததைப் பார்த்துவிட்டு நம்பரைச் சொல்வார்கள். போதாது என்றால் இறங்கலாம். ஏறத்தான் முடியாது.

எந்தத் திசையில் ஓட்டணும்?

முடி வளர்கிற திசைக்கு எதிராக. பக்கங்களிலும் பின்பக்கமும் கீழிருந்து மேலே, மேலே நெற்றியிலிருந்து உச்சியை நோக்கி. வளர்கிற திசையிலேயே ஓட்டினால் அதே கார்டில் இன்னும் கொஞ்சம் நீளமாக நிற்கும், முடி மெலிந்திருக்கிற இடத்தில் இதை வேண்டுமென்றே செய்யலாம்.

சுழிதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. அங்கே முடி வட்டமாகச் சுற்றி வளர்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் பாதி முடிக்கு அது நேர்த்திசை. ஒரே திசையில் ஓட்டிவிட்டு நிமிர்ந்தால் ஒரு கொத்து அப்படியே நிற்கும். நான்கு பக்கமிருந்தும் ஓட்டுங்கள், இரட்டைச் சுழிக்காரர் என்றால் இரண்டையும் தனித்தனியாக. அப்புறம், சுழியில் ரொம்பச் சின்னதாக வெட்டினால் மண்டைத் தோல் தெரிந்து சொட்டை மாதிரி இருக்கும், ஒரு நம்பர் கூடுதலாக விடுவது நல்லது. எப்படி ஓட்டினாலும் மெதுவாக ஓட்டுங்கள். மெஷின் போகிற வேகத்துக்கு முடி கார்டுக்குள் ஏறி நிமிர நேரம் வேண்டும். புல் வெட்டுகிற மாதிரி விறுவிறுவென்று தள்ளினால் எலி கரண்டிய மாதிரிதான் வரும்.

பக்கம் சின்னதாக, மேலே பெரியதாக வெட்டும்போது நடுவில் கோடு விழுகிறது. எப்படிப் போக்குவது?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோடு ஏன் விழுகிறது? தலை பக்கவாட்டில் ஏறக்குறைய நேராக ஏறி, நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே உள்நோக்கி வளைகிறது. நீங்கள் நம்பர் 2 மாட்டிக்கொண்டு கீழிருந்து வருகிறீர்கள். வளைவு வரும் இடத்தில் கையும் தலையோடு சேர்ந்து உள்ளே வளைந்தால் மெஷின் மேல்முடியையும் 6 மி.மீ. ஆக்கிவிடும், அப்புறம் பயந்து சட்டென்று நிறுத்துவீர்கள். நிறுத்திய இடத்தில் கோடு. தலை வளைந்தாலும் கை வளையக் கூடாது. கை நேராக மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும், தலை உள்ளே விலகிப்போகும், மெஷின் தானாகக் காற்றில் வெளியேறும். கரண்டியால் மாவு அள்ளுகிற மாதிரி மணிக்கட்டு லேசாக வெளியே புரள வேண்டும். மெஷினை ஆன் செய்யாமல் பத்துத் தடவை தலை மேல் ஓட்டிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்தப் பத்துத் தடவையில் வருகிற பழக்கம் வேறு எதிலும் வராது.

வரிசை முக்கியம். பெரிய நம்பரிலிருந்து சின்னதுக்கு இறங்குங்கள். கீழே 2, மேலே நீளம் என்றால், முதலில் பக்கங்கள் முழுக்க நம்பர் 4 ஓட்டி, வளைவில் விலகுங்கள். பிறகு நம்பர் 2 மாட்டி, காதின் மேல்விளிம்புக்கு மேலே இரண்டு மூன்று விரல் அகலம் வரை மட்டும் போய் விலகுங்கள். இப்போது 2க்கும் 4க்கும் நடுவில் மங்கலாக ஒரு கோடு இருக்கும். நம்பர் 3 மாட்டி அந்தக் கோட்டின் மேல் மட்டும் சின்னச் சின்னதாக அள்ளுங்கள். பாதிக் கோடு கரைந்துவிடும். மிச்சத்துக்கு மெஷினின் பக்கத்தில் இருக்கிற லீவர் இருக்கிறது. நிறைய மெஷின்களில் அதைக் கீழே இறக்கினால் நீளம் கிட்டத்தட்ட அரை நம்பர் கூடும், மேலே ஏற்றினால் குறையும். அதாவது நம்பர் 2 கார்டில் லீவரை இறக்கினால் உங்களுக்கு இரண்டரை கிடைக்கிறது. கோட்டை அதைக் கொண்டு கீழ்ப்பக்கத்திலிருந்து தட்டிவிடுங்கள், பிளேடு முழுவதும் படாமல் அதன் மூலை மட்டும் படுகிற மாதிரி.

இத்தனைக்கும் பிறகு லேசாகக் கோடு தெரிகிறதா? விட்டுவிடுங்கள். கோட்டைத் துரத்திக்கொண்டே போனால் அது மேலே ஏறிக்கொண்டே போகும், கடைசியில் தலையில் தொப்பி வைத்த மாதிரி ஆகிவிடும். குளித்துத் தலை துவட்டினதும் பாதி மறையும், மூன்று நாளில் மீதி மறையும்.

மேல்முடியையும் மெஷினிலேயே செய்யலாமா?

நம்பர் 8 வரைக்கும் கார்டிலேயே செய்யலாம். அதைவிட நீளம் வேண்டுமென்றால் சீப்பை முடிக்குள் விட்டுத் தூக்கி, சீப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கார்டு இல்லாத மெஷினால் வழித்துவிடலாம். சீப்புதான் இங்கே கார்டு. சீப்பு தலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீளம். முதல் ஐந்தாறு தடவை கை நடுங்கும். கத்தரிக்கோல் பழக்கம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

காதைச் சுற்றி வெட்டப் பயமாக இருக்கிறது.

காதை விரலால் முன்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டு, கார்டோடு அந்த வளைவில் போங்கள். கடைசியில் மட்டும் கார்டைக் கழற்றி, மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, பிளேடின் மூலையால் ஓரத்தை ஒழுங்கு செய்யலாம். காது மடலின் பின்புறம் தலையோடு சேரும் மடிப்பில் தோல் மெல்லியது, அங்கே அழுத்தாதீர்கள். மச்சம், மரு, பழைய தழும்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று வெட்டத் தொடங்குவதற்கு முன்பே விரலால் தடவிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடிக்குள் ஒளிந்திருக்கிற மருவை பிளேடு பார்க்காது.

கிருதா இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர, காதை அடையாளமாக வைக்க வேண்டாம். பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. நேர் எதிரில் நின்று இரண்டு ஆள்காட்டி விரலையும் கிருதாவின் அடியில் வைத்துப் பாருங்கள்.

பிடரியில் கோடு எப்படிப் போடுவது?

போடாமல் இருப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. நேர்க்கோடு போட்டால் அன்றைக்கு அழகாக இருக்கும், ஒரு வாரத்தில் கீழே பூனைமுடி முளைத்துக் கோடு அசிங்கமாகிவிடும். முடி இயல்பாக முடிகிற இடம் வரைக்கும் நம்பர் 2, 1 என்று இறக்கிவிட்டு, அதற்குக் கீழே கழுத்தில் இருக்கிற பிசிறை மட்டும் எடுங்கள். கட்டாயம் கோடு வேண்டும் என்றால் இயல்பான எல்லைக்கு மேலே ஏறாதீர்கள். சுருள்முடிக்காரர்களுக்குக் கழுத்தில் ஒட்ட வழிக்கவும் வேண்டாம். வளைந்து வளர்கிற முடி தோலுக்குள்ளேயே திரும்பிப் போய்க் கொப்புளமாகும்.

குழந்தை மெஷின் சத்தத்துக்கே அழுகிறது. என்ன செய்வது?

என் பையன் முதல் தடவை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். பிடித்து உட்கார வைத்து முடித்துவிடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அன்றைக்கு முடித்தேன், அடுத்த மூன்று மாதம் மெஷின் டப்பாவைப் பார்த்தாலே ஓடினான்.

அப்புறம் செய்தது இது. ஒரு வாரம் மெஷினை ஆஃப் நிலையிலேயே அவன் கையில் கொடுத்தோம். பொம்மைக்கு வெட்டினான், எனக்கு வெட்டினான். அடுத்து, தூரத்தில் வைத்து ஆன் செய்தோம். அதற்கடுத்து, ஓடுகிற மெஷினின் முதுகுப்பக்கத்தை அவன் உள்ளங்கையில், தோளில் வைத்து அதிர்வைக் காட்டினோம். தலைக்கு வரும்போது பின்பக்கம் கழுத்தருகே ஆரம்பிக்காதீர்கள், கூச்சம் அங்கேதான் அதிகம். பக்கவாட்டில் ஆரம்பியுங்கள். முதல் நாள் இரண்டு கோடு மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தினாலும் தப்பில்லை, அரைகுறைத் தலையோடு ஒரு நாள் இருப்பதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமும் அதிர்வும் நிஜமாகவே தாங்க முடியாததாக இருக்கலாம், அடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காதை மூடுகிற ஹெட்போன் மாட்டிவிட்டு, காதோரத்தைக் கத்தரிக்கோலால் முடிப்பது ஒரு வழி. வெட்டி விழுகிற முடியின் உறுத்தல்தான் பல பிள்ளைகளுக்கு உண்மையான பிரச்சினை. முகத்தையும் கழுத்தையும் அடிக்கடி பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வெட்டினால் பாதி அழுகை குறையும்.

கைக்குழந்தைக்கு?

உச்சிக்குழி பொதுவாக ஒன்றரை வயது வாக்கில்தான் முழுதாக மூடும். அதற்கு முன்னால் மெஷினால் தொட்டாலே ஆபத்து என்று இல்லை, ஆனால் அந்த இடத்தில் அழுத்தக் கூடாது, கார்டு இல்லாமல் ஓட்டவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தை என்றால் ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வெட்ட வேண்டும், அல்லது கண்ணை மறைக்கிற முடியை மட்டும் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் எடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது நம்பிக்கைதான். முடியின் அடர்த்தி வேரில் இருக்கிறது, வெட்டுகிற இடத்தில் இல்லை.

வயதான அப்பாவுக்கு வெட்டும்போது எதைக் கவனிக்கணும்?

தோலை. வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி, சுருக்கத்தில் பிளேடு எளிதாக மாட்டிக்கொள்ளும். இடது கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, எப்போதும் கார்டோடு ஓட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சின்னக் கீறலும் நிற்காமல் கசியும், சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள், முடித்தூள் உள்ளே போனால் கெட்டுவிடும். கழற்றியபின் நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது, அதனால் முன்பே பேசிக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கு நான் தோளில் ஒரு தட்டுத் தட்டினால் தலையைக் குனிய வேண்டும், இரண்டு தட்டினால் நிமிர வேண்டும்.

மறதி நோய் இருப்பவர்களுக்குப் பின்னால் நின்று திடீரென்று மெஷினை ஆன் செய்யாதீர்கள். முன்னால் வந்து காட்டி, ஓடவிட்டு, பிறகு போங்கள். படுக்கையில் இருப்பவர் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கீமோ எடுப்பவருக்கு முடியைக் குறைக்கச் சொல்கிறார்கள். மழித்துவிடலாமா?

ரேஸர் வேண்டாம், மெஷின் போதும். முடி கொட்டவைக்கிற மருந்துகளில் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கொட்ட ஆரம்பிக்கும், கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்ப்பதைவிட முன்பே சின்னதாக்கிக்கொள்வது பலருக்கு மனதுக்கு லேசாக இருக்கிறது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் ஒரு சின்னக் கீறலும் தொற்றுக்கு வாசல். அதனால் கார்டோடு நம்பர் 1 அல்லது 2 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேடைச் சுத்தம் செய்துவிட்டு வெட்டுங்கள். நம்பரையும் நாளையும் அவர் முடிவு செய்யட்டும்.

மெஷின் முடியைப் பிடித்து இழுக்கிறது. பிளேடு போச்சா?

முதலில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை அதுதான். இல்லையென்றால் சார்ஜ் குறைந்திருக்கும், அல்லது பிளேடு இடுக்கில் முடி அடைத்திருக்கும். இந்த மூன்றும் இல்லை என்றால்தான் பிளேடு மழுங்கியிருக்கிறது.

என்ன எண்ணெய்? தலைக்குத் தேய்ப்பதையே விடலாமா?

கூடாது. சமையல் எண்ணெய், தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாம் நாள்பட்டால் பிசுபிசுவென்று கெட்டியாகி முடித்தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். மெஷினோடு வருகிற சின்னக் குப்பியில் இருப்பது மெல்லிய மினரல் ஆயில், அது தீர்ந்தால் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். பிளேடின் பற்களில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, பத்து விநாடி ஓடவிட்டு, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும். இதைச் செய்யாததால்தான் பாதி மெஷின்கள் ஒரு வருடத்தில் பரணுக்குப் போகின்றன.

இன்னொரு விஷயம், பிளேடைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது கவனம். இரண்டு பிளேடு இருக்கும், தோலில் படுவது அசையாதது, அதன் மேல் ஓடுவது அசைகிறது. அசைகிற பிளேடின் பற்கள் அசையாததைவிடச் சற்று உள்ளே தள்ளி இருக்க வேண்டும். முடியளவு வெளியே வந்தாலும் தோலை வெட்டும். மாட்டினதும் ஆள் தலையில் வைக்காமல் முதலில் உங்கள் முன்கை முடியில் ஓட்டிப் பாருங்கள்.

நடுவில் பிளேடு சுடுகிறதே?

உராய்வுதான். அவ்வப்போது மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவர் கழுத்துக்கும் சுடும். ஐந்து நிமிடம் நிறுத்தி, எண்ணெய் விட்டுத் தொடருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே மெஷின் போதுமா?

போதும், ஒவ்வொரு தலைக்கும் நடுவில் சுத்தம் செய்தால். முதலில் பிரஷ்ஷால் முடியைத் தட்டி எடுத்து, மெஷினை ஆஃப் செய்து வயரைக் கழற்றிய பிறகு, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பிளேடைத் துடைத்து, முழுதாகக் காயவிட்டு எண்ணெய். ஆல்கஹால் தீப்பற்றும், ஈரத்தோடு ஆன் செய்யாதீர்கள். கார்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் சரி.

யாருக்காவது தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் செதிலாக இருந்தால் அன்றைக்கு மெஷினைத் தொடாதீர்கள். படர்தாமரையாக இருக்கலாம், மெஷின் வழியாக அடுத்த தலைக்குப் போகும். தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது, பெரும்பாலும் மாத்திரை தேவை, டாக்டரிடம் காட்டுங்கள். பேன் இருந்தாலும் கார்டு, சீப்பு எல்லாவற்றையும் 54 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் போட்டு எடுங்கள். நாய்க்கு வெட்டுகிற மெஷினை மனிதத் தலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

பாதியில் கார்டு கழன்று ஒரு இடம் மொட்டையாகிவிட்டது. இப்போ என்ன?

முதலில் மெஷினை ஆஃப் செய்யுங்கள். "ஐயையோ" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன், தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான், அந்தத் திருப்பத்தில் இன்னொரு கோடும் விழுந்தது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது, நல்லவேளை அவன் கல்யாணம் இல்லை.

இடத்தைப் பாருங்கள். கழுத்தருகே, காதருகே என்றால் அந்த உயரம் வரை சுற்றிலும் சின்னதாக்கி, மேலே அள்ளிக் கலந்துவிடலாம், வேண்டுமென்றே வெட்டின மாதிரி இருக்கும். நடு மண்டையில் என்றால் இரண்டே வழிதான்: மொத்தத் தலையையும் நம்பர் 1க்கு இறக்கி வித்தியாசத்தைக் குறைப்பது, அல்லது அப்படியே விட்டுவிட்டுக் காத்திருப்பது. தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும், ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. பள்ளம் ஒன்பது பத்து நாளில் நிரம்பிவிடும். அதற்குள் பக்கத்தில் இருப்பதும் வளரும்தான், ஆனால் மண்டைத் தோல் பளிச்சென்று தெரிவது நின்றுவிட்டால் மற்றவர்கள் கண்ணில் படாது.

கார்டு ஏன் கழல்கிறது என்றால், முழுதாகப் பொருந்தாமல் பாதியில் நிற்பதால். மாட்டும்போது டக் என்று சத்தம் கேட்க வேண்டும், பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இதைவிடப் பொதுவான விபத்து ஒன்று உண்டு: முடியைத் தட்ட கார்டைக் கழற்றி, போன் வந்து, திரும்ப மாட்ட மறந்து அப்படியே தலையில் வைப்பது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிற ஒவ்வொரு தடவையும் விரலால் கார்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நம்பர் 2 வெட்டு இரண்டு வாரத்தில் வடிவம் இழக்கும், மேலே நீளமாக விட்டது நான்கைந்து வாரம் தாங்கும். நடுவில் கழுத்தையும் காதோரத்தையும் மட்டும் ஐந்து நிமிடம் தொட்டுவிட்டால் இன்னும் இரண்டு வாரம் ஓடும்.

எனக்கு நானே வெட்டிக்கொள்ளலாமா?

ஒரே நம்பர் என்றால் தாராளமாக, இரண்டு கண்ணாடி இருந்தால் போதும். கண்ணாடியில் வலது இடது மாறுவதால் பிடரியில் மட்டும் கை குழம்பும். எனக்குத் தம்பிதான் வெட்டுகிறான். அவன் முதல் தடவை மெஷினைக் கையில் எடுத்தபோது கார்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டு, "மறக்கலடா" என்றான். எதை மறக்கவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.